அம்மா பாத்ரூமுக்காக வாங்குன தண்ணி டைல்ஸ் கட்டர், மூணு வருஷ அனுபவம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை மாசம், அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. நல்லவேளையா எலும்பு முறியல, ஆனா இடுப்புல நல்ல அடி, ஒரு மாசம் கட்டில்லயே கெடந்தாங்க. காரணம் அந்தத் தரைதான். வீடு கட்டுறப்ப பளபளன்னு இருக்கணும்னு நானே கடை கடையா ஏறி இறங்கி எடுத்த பாலிஷ் டைல்ஸ், சோப்புத் தண்ணி பட்டா காலே நிக்காது. அம்மா எழுந்து நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தத் தரைய மாத்திடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

திண்டுக்கல்ல ஆள் தேடுனேன், பெரிய வேலைன்னா உடனே வர்றாங்க, 36 சதுர அடி பாத்ரூம்னு சொன்னதும் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே போனாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, ரெண்டு நாள் வேலைக்கு சாமானத்தத் தூக்கிட்டு வர்றது யாருக்கும் கட்டாது. கடைசியா எங்க வீட்டுக்கு மொதல்ல டைல்ஸ் போட்ட மேஸ்திரி அண்ணனப் போய்ப் பாத்தேன். அவர் வேலைய விட்டு ஒரு வருஷம் ஆச்சுன்னார், நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது, டாக்டர் தூசிப் பக்கமே போகாதீங்கன்னு சொல்லிட்டாராம். "நான் உக்காந்து சொல்றேன் தம்பி, நீ வெட்டு, நீயே ஒட்டு, ஒண்ணும் பெரிய வித்தை இல்ல"ன்னு சொல்லி தன்னோட மார்பிள் கட்டரையும் எடுத்துக் குடுத்தார். 4 இஞ்ச் பிளேடு போட்ட அந்தக் கை மிஷின் உங்க வீட்டு வேலைலயும் கண்டிப்பா பாத்திருப்பீங்க, நம்ம ஊர்ல எல்லா மேஸ்திரி கையிலயும் அதுதான்.

மொத நாள் வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடில அண்ணன் ஒரு சேர் போட்டு உக்காந்தார், நான் டைல்ஸ ரெண்டு கட்டை மேல வச்சு கோடு போட்டு மிஷின ஆன் பண்ணேன். தண்ணி விடல. ஒரே ஒரு வெட்டுதானேன்னு நெனச்சேன். ரெண்டு செகண்டுல வெள்ளையா புகை மாதிரி கெளம்பி காத்துல அப்படியே அண்ணன் பக்கம் போச்சு. அவர் இரும ஆரம்பிச்சவர்தான், நிறுத்த முடியல, சேரப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு இருமுறார், கண்ணுல தண்ணி ஊத்துது, நான் மிஷினக் கீழ போட்டுட்டு உள்ள ஓடி சுடுதண்ணி எடுத்துட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு அவருக்குப் பேச்சு வர. "35 வருஷமா இதத்தான் தம்பி உள்ள இழுத்தேன்"னு மட்டும் சொன்னார். அன்னிக்கு வேற எதையும் வெட்டல. இனி தண்ணி இல்லாம ஒரு சில்லு கூட வெட்டக் கூடாதுன்னு அந்த வேப்பமரத்தடில முடிவு பண்ணதுதான், இன்னிக்கு வரைக்கும் மாத்தல.

அந்த வெள்ளைத் தூசில இருக்குறது சிலிக்கா. குவார்ட்ஸ்ங்கிற கல்லு வடிவத்துல அது டைல்ஸ்ல இருக்கு, கிரானைட்லயும் கான்கிரீட்லயும் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்குலயும் தொண்டைலயும் நின்னுடும், கண்ணுக்கே தெரியாத ரொம்பப் பொடியானதுதான் நுரையீரல் அடிவரைக்கும் போய் அங்கயே தங்கி தழும்பு ஆக்கிடும், அந்த நோய்க்குப் பேரு சிலிக்கோசிஸ், வந்தா திரும்ப சரி பண்ண மருந்து கெடையாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணைலயே அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்னு இது இருந்துச்சு, ஆனா வீடு வீடா போய் டைல்ஸ் வெட்டுற மேஸ்திரிய எந்தத் தொழிற்சாலைக் கணக்குல எழுதுவாங்க? அமெரிக்கால 2016ல கொண்டு வந்த விதில 8 மணி நேர வேலைல சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல இந்தப் பொடி சிலிக்கா 50 மைக்ரோகிராம்தான் இருக்கலாம்னு வச்சிருக்காங்க, ஒரு கிராமை 20 ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு. நான் ரெண்டு செகண்டுல கெளப்புன புகைய நெனச்சுப் பாத்தா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

சரி, மார்பிள் கட்டர்லயே தண்ணி விட்டு வெட்டலாமேன்னு கேப்பீங்க. வெட்டலாம், நம்மாளுங்க அப்படித்தான் செய்யிறாங்க, வாட்டர் பாட்டில் மூடில ஆணியால ஓட்டை போட்டு கையாள் ஒருத்தர் பிளேடு மேல பீச்சிக்கிட்டே வருவார். ரெண்டு விஷயம் எனக்கு ஒத்துவரல. ஒண்ணு கரண்ட், அந்த மிஷின்ல மோட்டார் கைக்குள்ள இருக்கு, காத்து போற ஓட்டை இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் தெறிக்கும்னு நம்ம கைல இல்ல. ரெண்டாவது, அதோட வேகம். 110 மி.மீ பிளேடு நிமிஷத்துக்கு 12,000 சுத்து சுத்துது, கணக்குப் போட்டா பிளேடு ஓரம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 70 மீட்டர் ஓடுது. அந்த வேகத்துல கையில பிடிச்சு நேரா ஓட்டறதுக்கு அண்ணனுக்கு மாதிரி 35 வருஷக் கை வேணும். எனக்கு கோடு ஒரு பக்கம் போச்சு, வெட்டு ஒரு பக்கம் போச்சு.

அப்பதான் டேபிள் மாடல் தண்ணி கட்டர் பத்தி விசாரிச்சேன். ஒரு தொட்டி, அதுல தண்ணி, மேல தகடு, தகட்டுக்கு நடுவுல இருந்து 7 இஞ்ச் பிளேடு மேல வந்து நிக்கும், பிளேடோட அடிப்பாகம் தண்ணிக்குள்ள மூழ்கியிருக்கும், சுத்தச் சுத்த அதுவே தண்ணிய அள்ளிக்கிட்டு மேல வரும். நாம டைல்ஸத்தான் தள்ளணும், மிஷின் அசையாது. நான் வாங்குன மோட்டார் இண்டக்ஷன் டைப், நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல 3,000 சுத்துக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் ஓடும், 180 மி.மீ பிளேடுக்கு ஓர வேகம் செகண்டுக்கு 27 மீட்டர்கிட்ட வரும். அதனால தண்ணி பிளேடுலயே ஒட்டிக்கிட்டு வருது, பஞ்சு மாதிரிப் பறக்கல, சத்தமும் மார்பிள் கட்டர்ல பாதி கூட இல்ல, பக்கத்து வீட்டுல கொழந்தை தூங்குனாலும் வேலை பாக்கலாம். மெதுவா வெட்டும், அது உண்மை. ஒரு அடி வெட்ட ஒரு நிமிஷம் கிட்ட ஆகும். வீட்டு வேலைக்கு அவசரம் என்ன இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி அண்ணன் ஒண்ணு செய்யச் சொன்னார், அதத்தான் நான் யார் கேட்டாலும் மொதல்ல சொல்றேன். ஒரு பேப்பர்ல தரைய வரைஞ்சு ஒவ்வொரு டைல்ஸையும் கட்டம் போட்டு எந்தெந்த டைல்ஸ்ல என்ன வெட்டு வருதுன்னு எண்ணுங்க. எனக்கு 1க்கு 1 டைல்ஸ், அதாவது 300 மி.மீ, பாத்ரூம் அகலம் 5 அடி 2 இஞ்ச், அதாவது 1,575 மி.மீ. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு முழு டைல்ஸா வச்சுக்கிட்டே போனா 5 முழுசு போக கடைசில 60 மி.மீ பட்டை ஒண்ணு நிக்குது, அந்த ஒல்லிப் பட்டை பாக்கவும் அசிங்கம், வெட்டும்போதே ஒடையும். அண்ணன் பென்சில வாங்கி நடுவுல 4 முழுசு வச்சு, 3 மி.மீ ஜாயிண்ட் விட்டு, ரெண்டு பக்கமும் 180 மி.மீ வர்ற மாதிரி போட்டார். பாக்க அழகு, ஆனா வெட்டு எண்ணிக்கை ரெண்டு மடங்கு. அது போக நிலைக்கால் கிட்ட ரெண்டு எல் (L) வடிவ வெட்டு, மூலைல தண்ணி போற ஜாலிக்கு ஒண்ணு, வெஸ்டர்ன் க்ளோசெட் பைப்புக்கு வளைவு ஒண்ணு.

இந்தக் கணக்கு போட்டப்பறம்தான் எந்த மிஷின் வேணும்னே தெரியும். நேர் வெட்டு மட்டும்தான்னா தண்ணி கட்டரே வேண்டாம், கோடு கிழிச்சு ஒடைக்கிற கை கட்டர் போதும், தூசி வராது, கரண்ட் வேண்டாம், பத்து செகண்ட்ல ஒரு வெட்டு. ஆனா அதுல எல் வெட்டு முடியாது, ஒல்லிப் பட்டை ஒழுங்கா ஒடையாது, அதோட நான் எடுத்தது சொரசொரப்பான மேட் டைல்ஸ், அந்த மேடு பள்ளத்துல சக்கரம் துள்ளித் துள்ளிப் போகும், கோடு சரியா விழாது. அதனால எனக்கு டேபிள் கட்டர்தான்னு ஆச்சு. இதுவே ஹால் ஃபுல்லா 2க்கு 4 டைல்ஸ்னா டேபிள் கட்டர் சரிப்படாது, மேசைத் தகடு ஒண்ணேகால் அடிக்குக் கிட்டத்தான், அவ்ளோ பெரிய டைல்ஸ் கவுந்துடும், அதுக்கு மோட்டார் மேல தண்டவாளத்துல ஓடுற பெரிய மிஷின் வேணும், அத வாடகைக்கு எடுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

டைல்ஸ் எடுக்குறப்ப பெட்டில ஆர்10 ஆர்11னு போட்டிருக்குறதப் பாருங்க, நம்பர் கூடக் கூட வழுக்காது. ஆனா அது செருப்பு, ஷூ போட்ட காலுக்கு வச்ச சோதனை, வெறுங்காலுக்கு ஏ பி சின்னு தனியா இருக்கு, பாத்ரூமுக்கு அது இருந்தா ரொம்ப நல்லது. எதுவுமே போடலன்னா ஒரு சாம்பிள் டைல்ஸ கீழ வச்சு சோப்புத் தண்ணி ஊத்தி வெறுங்காலால தேச்சுப் பாருங்க. நான் கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டு கடை வாசல்லயே அதச் செஞ்சு பாத்துத்தான் எடுத்தேன்.

மிஷினுக்கு அப்ப எனக்கு பத்தாயிரத்துச் சொச்சம் ஆச்சு. கடைல நான் பாத்தது மூணே விஷயம். ஒண்ணு மேசைத் தகடு மட்டமா இருக்கான்னு, ஒரு ஸ்டீல் ஸ்கேல நிமித்தி வச்சு அடில வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன், மொதல்ல காட்டுன மிஷின்ல நடுவுல குழி, வேண்டாம்னுட்டேன். தகடு குழிஞ்சிருந்தா டைல்ஸ் ஆடும், ஆடுனா ஓரம் பேந்துடும். ரெண்டாவது பக்கத்துல இருக்குற கைடு சட்டம். டைல்ஸ் அத ஒட்டித்தான் போகும், அது பிளேடுக்கு நேரா நிக்கணும். பிளேடோட முன் ஓரத்துல இருந்து சட்டத்துக்கு எவ்ளோ, பின் ஓரத்துல இருந்து எவ்ளோன்னு டேப்ல அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பின்பக்கம் அரை மி.மீ குறைஞ்சா கூட டைல்ஸ் பிளேடுக்கும் சட்டத்துக்கும் நடுவுல நெருக்கும், பிளேடு இறுகும், டைல்ஸ் டப்புன்னு ஒடையும். மூணாவது, மூணு பின் ப்ளக்கும் எர்த் வயரும். வாட்ஸ் எவ்ளோன்னு எல்லாரும் கேக்குறாங்க, என்னோடது 600 வாட்ஸ்தான், 9 மி.மீ விட்ரிஃபைட் டைல்ஸுக்கு எனக்கு ஒரு நாளும் பத்தாமப் போகல.

இனி பிளேடு. இதுலதான் எனக்கு அதிக அடி.

மிஷின் கூட வந்த பிளேடு சுமார்தான், நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு ஒரு கடைல 7 இஞ்ச் டைமண்ட் பிளேடுன்னு கேட்டேன், எடுத்துக் குடுத்தாங்க. ஓரத்துல பல்லுப் பல்லா வெட்டு விட்டிருந்துச்சு. எனக்கு அப்ப வித்தியாசம் தெரியாது. அது கான்கிரீட்டுக்கும் செவுத்துல காடி எடுக்குறதுக்கும் உள்ள பிளேடு, அந்தப் பல்லு ஒவ்வொண்ணும் டைல்ஸ் மேல தட்டித் தட்டிப் போகும், அதுல வெட்டுன மொத மூணு டைல்ஸும் எலி கடிச்ச மாதிரி ஆச்சு. டைல்ஸுக்கு ஓரம் முழுசா வட்டமா இருக்குற பிளேடுதான் வேணும். அத மாத்திட்டு வந்து மாட்டுனா பிளேடு தள்ளாடுது. பாத்தா நடு ஓட்டை அளவு வேற. 4 இஞ்ச் பிளேடுக்கு ஓட்டை 20 மி.மீ, 7 இஞ்ச்ல 22.23 மி.மீயும் வருது 25.4 மி.மீயும் வருது. என் மிஷின் சின்ன அளவு, பிளேடு பெரிய அளவு, நட்ட இறுக்குனா நிக்குது ஆனா நடு மையத்துல நிக்கல. சுத்துக்கு ஒரு தடவை டைல்ஸத் தட்டித் தட்டிப் போச்சு, வெட்டு ஓரம் பேந்துச்சு. நடுவுல போடுற ரிங் புஷ் வாங்கிப் போட்டதும் சரியாச்சு. பிளேடு வாங்கப் போறப்ப பழைய பிளேடக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க, அது ஒண்ணு போதும். அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் சுத்துற மாதிரி மாட்டணும். மாட்டிட்டு ப்ளக் போடாம கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க, அப்பறம் ஆன் பண்ணிட்டு பிளேடுக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நின்னு அரை நிமிஷம் சும்மா ஓட விடுங்க.

நான் ரொம்ப லேட்டாத் தெரிஞ்சுக்கிட்டது இன்னொண்ணு. டைமண்ட் பிளேடு வெட்டறதில்ல, தேய்க்குது. உலோகத்துக்குள்ள வைரப் பொடியப் புதைச்சு வச்சிருக்காங்க, உலோகம் தேயத் தேய புது வைரம் வெளிய வரும். விட்ரிஃபைட் டைல்ஸ் ரொம்பக் கெட்டி, தண்ணியே உறிஞ்சாது, நூத்துல அரைப் பங்குக்கும் கம்மின்னு கணக்கு, அத தொடர்ந்து வெட்டுனா வைரம் மழுங்கிடும் ஆனா உலோகம் தேயாது, அதனால பிளேடு ஓரம் வழவழன்னு ஆயிடும். அப்ப என்ன ஆகும்னா டைல்ஸ் நகராது, நாம பலம் போட்டுத் தள்ளுவோம், வாசம் வரும், பிளேடு சூடாகும். நானும் ரெண்டு நாள் அப்படித் தள்ளி கையெல்லாம் வலி. அண்ணன் பாத்துட்டு, பின்னாடி கெடந்த பழைய செங்கல்ல ஒண்ண எடுத்து "இத நாலு கோடு வெட்டு"ன்னார். வெட்டுனேன், தொட்டித் தண்ணி செக்கச்செவேல்னு ஆச்சு. அதுக்கப்பறம் டைல்ஸ் வச்சா வெண்ணெய்ல கத்தி போற மாதிரிப் போகுது. செங்கல்லு சொரசொரப்புல அந்த உலோகம் தேஞ்சு புது வைரம் வெளிய வந்துடுச்சு. இப்ப மிஷின் பக்கத்துல எப்பவும் அரைச் செங்கல் ஒண்ணு வச்சிருப்பேன்.

வெட்டுற முறை. டைல்ஸோட டிசைன் பக்கம் மேல இருக்கணும், டேபிள் கட்டர்ல பிளேடு நம்ம பக்கமா மேல இருந்து கீழ எறங்குது, அதனால பிசிறு அடில போயிடும். கை மிஷின்ல இது தலைகீழ், பிளேடு கீழ இருந்து மேல ஏறும், அதனாலதான் மேஸ்திரிங்க சில வெட்ட டைல்ஸக் கவுத்துப் போட்டு வெட்டுறாங்க. கோட்டு மேலயே வெட்டாதீங்க, பிளேடே 2 மி.மீ சாப்பிடும், வேண்டாத பக்கம் ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு கோட்டுக்கு அந்தப் பக்கமா பிளேட விடுங்க. மேல காகித டேப் ஒட்டி டேப் மேல கோடு போட்டா தண்ணில அழியாது, ஓரமும் பேராது. தள்ளுறப்ப மோட்டார் சத்தத்தக் கேளுங்க, சத்தம் எறங்குனா நீங்க வேகமாத் தள்ளுறீங்க. கடைசி ரெண்டு சென்டிமீட்டர்லதான் மூலை ஒடையும், நான் செய்யிறது என்னன்னா எதிர்ப் பக்கத்துல இருந்து ஒரு இஞ்ச் மொதல்ல வெட்டிக்குவேன், அப்பறம் டைல்ஸத் திருப்பி இந்தப் பக்கத்துல இருந்து வந்து அதுல சேத்துடுவேன்.

எல் வெட்டுல ஒரு டைல்ஸ் ஒட்டி ரெண்டு நாள் கழிச்சு மூலைல இருந்து கீறல் விட்டுச்சு. அண்ணன் அதப் பெயத்து எடுக்கச் சொல்லி திருப்பிப் பாத்தார். மேல நான் கோடு வரைக்கும்தான் வெட்டியிருக்கேன், அடில வெட்டு கோட்டத் தாண்டி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உள்ள போயிருக்கு. பிளேடு வட்டம்ல, அது கீழ இருந்து வர்றதால டைல்ஸோட அடில அகலமாவும் மேல குறுகலாவும் வெட்டுது. அந்த அதிக வெட்டுல இருந்துதான் கீறல் கெளம்பியிருக்கு. இப்ப மூலை வர்ற எடத்துல மொதல்ல 6 மி.மீ டைமண்ட் பிட்டுல, டிரில்ல ஹேமர் போடாம, தண்ணி விட்டு ஒரு ஓட்டை போட்டுடுவேன், ரெண்டு வெட்டும் அந்த ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே நிக்கும், மிச்சத்த டைல்ஸோட நம்ம பக்க ஓரத்தத் தூக்கிப் பிடிச்சு மெதுவா முடிப்பேன். உருண்ட மூலைல கீறல் ஓடாது. பைப்புக்கு வளைவு வேணும்னா அரை சென்டிமீட்டருக்கு ஒண்ணா விரல் விரலா கோடு வெட்டி, ஒவ்வொண்ணையும் இடுக்கியால ஒடைச்சு எடுத்துட்டு ஓரத்தத் தேச்சுக்கணும், பைப்புக்கு மேல மூடி வந்துடும், அழகு பாக்க வேண்டாம்.

தொட்டித் தண்ணி பத்தி யாரும் சொல்லல, நானே கத்துக்கிட்டேன். பத்துப் பன்னெண்டு வெட்டுக்கு ஒருக்கா தண்ணி கஞ்சி மாதிரி ஆயிடும், அது பிளேடக் குளுமையா வச்சுக்காது, டைல்ஸ் மேலயும் அப்பி கோடு தெரியாது. மாத்திடுங்க. வெட்டிக்கிட்டே இருக்குறப்ப மட்டம் எறங்கும், பிளேடு ஓரம் தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கான்னு அப்பப்பக் குனிஞ்சு பாருங்க, மிஷின ஆஃப் பண்ணிட்டு. மொத நாள் அந்தச் சேத்துத் தண்ணிய துணி தொவைக்கிற எடத்துல தண்ணி போற குழில (ட்ராப்) ஊத்திட்டேன், நாலாம் நாள் தண்ணி போகல, உள்ள கல்லு மாதிரி படிஞ்சு கெடந்துச்சு, பைப்பக் கழட்டித்தான் எடுத்தோம். இப்ப ஒரு பழைய பக்கெட்ல ஊத்தி ராத்திரி பூரா வச்சுடுவேன், காலைல மேல தெளிஞ்ச தண்ணிய மண்ணுல ஊத்திட்டு அடிச் சேத்த சிமெண்ட் சாக்குல கட்டிப் போட்டுடுவேன். வெட்டுன எடத்தையும் அது காயறதுக்கு முன்னாடியே கழுவிடணும். காஞ்சு மிதிபட்டா திரும்பவும் அதே தூசிதான், தண்ணி விட்டு வெட்டுனதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். தண்ணி இருந்தாலும் என்95 மாஸ்க் போட்டுக்குவேன், கண்ணாடியும் போடுவேன், தெறிக்கிற துளிலயும் பொடி இருக்கு.

கரண்ட் விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. வீட்டு மெயின் போர்டுல கரண்ட் கசிஞ்சா உடனே லைனக் கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாத்துட்டு, அதுல இருக்குற டெஸ்ட் பட்டன அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாத்துட்டுத்தான் மிஷின எடுப்பேன், நம்ம எலக்ட்ரீஷியனுங்க இன்னும் இஎல்சிபின்னுதான் சொல்வாங்க. அது இல்லாத வீட்டுல தண்ணி கட்டர் ஓட்டவே ஓட்டாதீங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரைல கெடக்கக் கூடாது, நான் சேர் முதுகுல கட்டித் தொங்க விடுவேன். வயர் மிஷின்ல இருந்து நேரா ப்ளக்குக்குப் போகாம நடுவுல கீழ தொங்கி ஒரு வளைவு விட்டுத்தான் ஏறணும், வயர் வழியா ஓடுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். லுங்கி கட்டிக்கிட்டு, துண்டு தோள்ல போட்டுக்கிட்டு வேண்டாம். என் வீட்டுக்காரி ஒரு நாள் நானும் வெட்டுறேன்னு வந்தா, நல்லா வெட்டுனா, என்னை விட பொறுமை அவளுக்கு. துப்பட்டாவ எடுத்து உள்ள வச்சுட்டு, முடியக் கொண்டை போட்டுட்டு, வளையலக் கழட்டிட்டுத்தான் மிஷின் கிட்ட விட்டேன்.

பாத்ரூம் முடிய எனக்கு ஆறு நாள் ஆச்சு, மேஸ்திரின்னா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பார். வாட்டம் மட்டும் அண்ணனே ரசமட்டம் வச்சுப் பாத்துக் குடுத்தார், கதவுல இருந்து ஜாலி வரைக்கும் 7 அடிக்கு ஒரு இஞ்ச் எறக்கம். ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனோம், எங்கயும் நிக்காம ஓடிச்சு. அம்மாவ மொதநாள் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், காலால தேச்சுப் பாத்துட்டு "மண்தரை மாதிரி இருக்குடா"ன்னாங்க. அதுக்கப்பறம் கைய விட்டுட்டாங்க.

அதுல இருந்து தம்பி வீட்டு ஜன்னல் அடிக்கட்டைக்கு 45 டிகிரி வெட்டு வெட்டிக் குடுத்தேன், மேசைய சாய்ச்சு வெட்டுறது, டைல்ஸ் நழுவும், ரெண்டு வீணாப் போச்சு. டிசைன் பக்கம் ஒரு மி.மீ ஓரத்த விட்டுட்டுச் சாய்ச்சு வெட்டுனப்பறம்தான் கூர் பேராம நின்னுச்சு. தெருவுல ரெண்டு மூணு வீட்டுக்கும் மிஷின் போய்ட்டு வந்துச்சு.

போன வருஷத்துல இருந்து அண்ணனோட பையன் டைல்ஸ் வேலைக்குப் போறான். 22 வயசு. அவன்கிட்ட அப்பாவோட மார்பிள் கட்டர்தான் இருக்கு. பாத்ரூம், கிச்சன்னு சின்ன வேலை வந்தா அண்ணனே போன் பண்ணி "தம்பி, மிஷின் சும்மாவா இருக்கு?"ன்னு கேப்பார், நான் பக்கெட், அரைச் செங்கல், ஒரு பாக்கெட் மாஸ்க் எல்லாம் சேத்து வண்டில வச்சு அனுப்பிடுவேன். பையனுக்கு மொதல்ல சலிப்பு, இது மெதுவா வெட்டுது, அப்பா மிஷின்ல சட்டுன்னு முடிஞ்சுரும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். போன வாரம் அண்ணனே ஆட்டோல மிஷினக் கொண்டு வந்து எறக்குனார். தொட்டில ஒரு பொட்டு சேறு இல்ல, பிளேடக் கழட்டித் தொடைச்சு தனியா துணில சுத்தி வச்சிருந்துச்சு, மாஸ்க் பாக்கெட் காலி. எவ்ளோன்னு கேட்டார், எத்தனை மாஸ்க் ஆச்சோ அதுக்குக் காசு குடுக்கணுமாம். "அடுத்த தடவை பெரிய பாக்கெட்டா வாங்கி வைக்கிறேன் அண்ணே"ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போய் காப்பி குடுத்தேன்.